கடந்த நொடியைத் திருப்பிப் பார்த்தல்

கொழும்பு ஜிந்துப்பிட்டியில் வாழும் கர்ப்பிணித் தாய் ஒருத்தி ஸ்கேன் பரிசோதனைக்குச் செல்கிறாள் என்று வைத்துக்கொள்ளலாம். 1879ஆம் ஆண்டு முதல் தாய்மாருக்குத் தொண்டாற்றிவரும் டி சொய்சா மகப்பேற்று வைத்தியசாலை அமைந்திருப்பதும் அதே மாநகரில்தான். பரிசோதனை அறையில் வைத்தியர் கருவியை வயிற்றின்மீது நகர்த்துகிறார். திரையில் சிசு அசைகிறது. திடீரெனப் படம் நின்றுவிடுகிறது. பின்னர் அது பின்னோக்கி ஓடுகிறது. மறுபடியும் முன்னோக்கி வருகிறது. வைத்தியர் பேசாமல் உற்று நோக்குகிறார். "என் பிள்ளைக்கு ஏதேனும் குறையோ?" என்று தாயின் நெஞ்சம் பதறுகிறது.

அப்பதற்றம் பெரும்பாலும் வேண்டாதது. அங்கு நிகழ்வது யாது என்பதை அறிந்தால் அச்சம் தானே தணியும்.

மனிதச் செவிக்கு எட்டாத நுண்ணொலியைக் கருவி உடலினுள் செலுத்துகிறது. உறுப்புகளிற் பட்டுத் திரும்பும் எதிரொலியே படமாகிறது. உடலின் மென்மையான பகுதிகளில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1540 மீற்றர் செல்லும். 15 சென்ரிமீற்றர் ஆழம் சென்று மீள அதற்கு ஒரு நொடியின் 5000இல் ஒரு பங்கே தேவை. அவ்வாறு 128 கோடுகளைத் தீட்டி ஒரு படம் அமைப்பதாயின், ஒரு நொடியில் 40 படங்கள் வரை கிடைக்கும். கண்ணிமைக்கும் பொழுதைத் தமிழ் இலக்கண நூலார் ஒரு மாத்திரை என்றனர். அந்த ஒரு மாத்திரைக்குள் பல படங்கள் கடந்துவிடுகின்றன!

கிளாஸ்கோ நகரில் இயன் டொனால்ட் என்னும் பேராசிரியரும் அவருடைய துணைவரும் 1958ஆம் ஆண்டு வெளியிட்டவை அசையாப் படங்களே. 1965ஆம் ஆண்டு ஜேர்மனியில் சீமென்ஸ் நிறுவனத்தார் ஆக்கிய விடோசன் என்னும் கருவி, நொடிக்கு 15 படங்கள் வீதம் அசைவையே காட்டிற்று. ஆயினும் ஓடும் படத்தில் வேண்டிய கணத்தைப் பிடிப்பது அரிது. வைத்தியரின் விரல் பொத்தானை அழுத்துமுன் சிசு திரும்பிவிடும்.

இக்குறையை நீக்குவதே கருவியின் நினைவகம். சிலேட்டுகள் பல வட்டமாக அடுக்கப்பட்டிருப்பதாகக் கொள்க. ஒவ்வொன்றிலும் ஒரு படம் பதிகிறது. எல்லாம் நிரம்பியதும், மிகப் பழைய சிலேட்டை அழித்து அதிற் புதிய படம் எழுதப்படும். ஆகவே கடைசியாகக் கடந்த சில நொடிகள் எப்பொழுதும் கைவசம் இருக்கும். ஓட்டத்தை நிறுத்திய வைத்தியர் உருளையொன்றைச் சுழற்றி, படம்படமாகப் பின்னோக்கிச் செல்கிறார்.

இதன் பயன் பெரிது. சிசுவின் தொடையெலும்பு சாய்வாக விழுந்த படத்தில் உண்மை நீளத்திலும் குறுகித் தோன்றும். அதை அளந்தால் வளர்ச்சி குன்றியதென்று பிழையாகக் கொள்ள நேரும். எலும்பு முழுமையாகத் தெரியும் படத்தைத் தேடி அளப்பதே முறை. சிசுவின் இதயமோ நிமிடத்திற்கு 110 முதல் 160 தடவை துடிப்பது. 150 துடிப்பாயின், ஒரு துடிப்பு 16 படங்களில் அடங்கும். அவற்றை மெதுவாக ஓட்டினால் இதய அறைகள் விரிவதும் சுருங்குவதும் தெளிவாகும்.

எனினும் நினைவகத்திற்கும் எல்லையுண்டு. பரிசோதனை மீண்டும் தொடங்கியதும் பழைய படங்கள் அழியத் தொடங்கும். வேண்டிய பகுதியை முன்னரே தனியாகச் சேமித்தல் வேண்டும். சேமித்தால், மறுநாள் வேறொரு நிபுணரும் அதே அசைவைக் காணலாம். தாளில் அச்சிட்ட ஒற்றைப் படம் அவ்வுதவியைச் செய்யாது. இன்னுமொன்று: கருவி செல்லாத இடம் நினைவகத்திலும் இராது. எத்துணை முறை திருப்பினாலும், பாராதது பாராததே.

ஆதலின், படம் நின்று பின்னோக்கி ஓடும்போது தாய் அஞ்ச வேண்டுவதில்லை. "டொக்டர், எதைப் பார்க்கிறீர்கள்?" என்று அவள் தாராளமாகக் கேட்கலாம். வைத்தியரும் ஒரு சொல்லில் விளக்கிவிட்டால், அத்தாய் மனநிறைவோடு வீடு திரும்புவாள். திரும்பிப் பார்த்தல் பெரும்பாலும் ஆபத்தின் அறிகுறியன்று. அவசரப்பட்டு முடிவு செய்யாமையின் அடையாளமே.