முதல் மழையும் பருவ மழையும்

வெப்ப மண்டல நாடுகளில் கோடை முடிந்து மழைக்காலம் தொடங்குவது ஒரே நாளில் நிகழ்ந்து முடிகின்ற செயலன்று. இடைப்பட்ட சில வாரங்களில் வெயிலும் புழுக்கமும் இடியும் பெருமழையும் மாறி மாறித் தோன்றும். அவ்வாரங்களில் அந்நாடுகளுக்குப் புதிதாகச் செல்பவர், முதலில் பெய்யும் பெருமழையையே பருவ மழை என்று எண்ணிவிடுவது இயல்பு. வந்து செல்பவருக்கு இதனால் பெரிய நஷ்டம் இல்லை. ஆனால் அம்மழையை நம்பி விதைக்கும் விவசாயிக்கு ஒரு போகத்தின் விதை முழுவதும் பாழாகக்கூடும். ஆகையால் இவ்விரு மழைகளுக்கும் உள்ள வேறுபாட்டைக் கிராமங்களில் பணிபுரியும் ஊழியர்களும் பள்ளி ஆசிரியர்களும் தெளிவாக அறிந்திருத்தல் அவசியம். இதனை விளக்குவதற்குக் கேரளத்தைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை எனலாம். தென்மேற்குப் பருவக் காற்று இந்தியப் பெருநிலத்தில் முதலில் நிலைகொள்வது அங்கேதான்.

கோடை இடிமழை

கேரளத்தில் மார்ச் முதல் மே முடிய உள்ள மூன்று மாதங்களில் சராசரியாகச் சுமார் 36 சென்டிமீட்டர் மழை பெய்கிறது. தமிழ்நாடு முழுவதற்கும் தென்மேற்குப் பருவம் நான்கு மாதங்களில் அளிக்கும் மழை சராசரியாகச் சுமார் 33 சென்டிமீட்டரே. எனவே, தமிழ்நாட்டிலிருந்து மே மாதத்தில் கேரளம் செல்பவருக்கு அங்குள்ள கோடை மழையே பருவ மழையாகத் தோன்றினால் வியப்பில்லை.

இக்கோடை மழையின் தோற்றம் எளிதில் விளங்கக்கூடியது. காலை முதல் வெயிலால் நிலம் சூடேறுகிறது. அதனை ஒட்டிய ஈரக் காற்று இலேசாகி மேலெழுகிறது. மலைச் சரிவுகள் அதற்கு மேலும் உதவுகின்றன. உயரே சென்ற காற்று குளிர, அதிலுள்ள நீராவி துளிகளாகி, பிற்பகலில் கோபுரம் போன்ற மேகங்கள் திரள்கின்றன. மாலையில் இடி, மின்னல், சுழன்றடிக்கும் காற்று ஆகியவற்றோடு ஒன்றிரண்டு மணி நேரம் மழை கொட்டுகிறது. ஒரு கிராமம் நனையும்போது அடுத்த கிராமம் காய்ந்து கிடக்கும். மறுநாள் காலையில் வானம் தெளிந்து, வெயில் மீண்டும் கடுமையாகும். இம்மழைக்குக் காரணம் அந்தந்த இடத்தின் வெப்பமே ஆதலால், இதன் ஆயுளும் குறுகியது.

தென்னகத்தில் இதனை மாங்காய் மழை என்பர். குடகுப் பகுதியில் இதனால் காப்பிச் செடி பூக்கிறது. வங்காளத்தில் இதே பருவத்தில் வீசும் இடிப்புயலைக் கால்வைசாகி என்று அழைக்கின்றனர்.

பருவக் காற்றின் வருகை

பருவ மழையின் ஊற்று கேரளத்திலோ அதன் மலைகளிலோ இல்லை. தென் இந்துமாக் கடலில் மடகாஸ்கருக்குக் கிழக்கேயுள்ள உயர் அழுத்தப் பகுதியிலிருந்து புறப்படும் காற்று, நிலநடுக்கோட்டைக் கடந்து, ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையை ஒட்டி வடக்கு நோக்கி வருகிறது. பூமியின் சுழற்சியால் வலப்புறம் திரும்பி, மேற்குக் காற்றாக அரபிக் கடலைக் கடக்கிறது. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தூரம் வெதுவெதுப்பான கடல்மீது வீசி வருவதால் அதில் நீராவி நிறைந்திருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலை அதனைத் தடுத்து மேலெழச் செய்கிறது. இதன் விளைவாக, ஜூன் முதல் செப்டம்பர் முடியக் கேரளம் பெறும் மழை சராசரியாகச் சுமார் 200 சென்டிமீட்டர்.

மலையைக் கடந்த பிறகு இக்காற்றில் மழை தரும் ஆற்றல் வெகுவாகக் குறைந்துவிடுகிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கோயம்புத்தூர் வட்டாரத்தில் பலமாக வீசும் ஆனி, ஆடிக் காற்று இதே பருவக் காற்றுதான். குற்றால அருவிகளில் நீர் பெருகுவதும் இக்காற்றின் வருகையாலேயே.

பருவ மழை தொடங்கியதும் நாளின் போக்கே மாறிவிடுகிறது. வானம் முழுவதும் மூடிக் கிடக்கும். காற்று ஒரே திசையில், மேற்கிலிருந்து, இரவும் பகலும் தொடர்ந்து வீசும். மழை மாலையில் மட்டுமின்றி எந்த நேரத்திலும், விட்டு விட்டுப் பல நாள்களுக்குப் பெய்யும். பகலின் உயர் வெப்பநிலைக்கும் இரவின் தாழ் வெப்பநிலைக்கும் உள்ள வித்தியாசம் சுருங்கிவிடும். தொடக்க நாள்களில் இடி இருப்பினும், பின்னர் அது குறையும். கடல் கொந்தளிக்கும். அண்மை ஆண்டுகளில் கேரளக் கடலில் ஜூன் 9 நள்ளிரவு முதல் ஜூலை 31 வரை 52 நாள்களுக்கு இழுவலை விசைப்படகுகள் மீன்பிடிக்கத் தடை விதிக்கப்பட்டு வருகிறது.

மலையாள மக்கள் இம்மழையை இடவப்பாதி என்று வழங்குகின்றனர். இடவ மாதம் என்பது தமிழ் வைகாசியை ஒத்தது. அதன் பாதியில், அதாவது மே மாத இறுதியையொட்டி, மழை தொடங்கும் என்பது இப்பெயரின் பொருள். இந்திய வானிலை ஆய்வுத் துறை கேரளத்திற்குக் குறித்துள்ள சராசரித் தொடக்க நாளாகிய ஜூன் 1 இதனோடு பெரிதும் ஒத்திருக்கிறது. அங்கிருந்து பருவக் காற்று படிப்படியாக முன்னேறி, சராசரியாக ஜூன் 11-இல் மும்பையையும், ஜூன் 27-இல் தில்லியையும் அடைந்து, ஜூலை 8-க்குள் நாடு முழுவதும் பரவுகிறது.

தொடக்கத்தை அறிவிக்கும் முறை

சில ஆண்டுகளில் மே மாதத்தில் வங்காள விரிகுடாவிலோ அரபிக் கடலிலோ உண்டாகும் புயல், மேற்குக் காற்றைத் தன்பால் இழுத்துக் கேரளம் முழுவதும் மழையைத் தருவதுண்டு. புயல் கடந்ததும் காற்று ஓய்ந்து, மழையும் நின்றுவிடும். இதனைப் பருவத்தின் பொய்த் தொடக்கம் எனலாம். மழை ஒன்றை மட்டும் அளவாகக் கொண்டால் இத்தகைய பொய்த் தொடக்கத்தை மெய்யெனக் கொள்ள நேரிடும். ஆதலால் வானிலைத் துறை மூன்று சோதனைகளை ஒருங்கே பயன்படுத்துகிறது.

முதலாவது, மழை. மே 10-க்குப் பிறகு, மினிக்காய், திருவனந்தபுரம், கொச்சி, கோழிக்கோடு, மங்களூர் முதலிய 14 நிலையங்களுள் 60 சதவீதத்திலேனும், அதாவது 9 நிலையங்களிலேனும், தொடர்ந்து இரண்டு நாள்கள் 2.5 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேல் மழை பதிவாகவேண்டும்.

இரண்டாவது, காற்று. அரபிக் கடலின் தென்பகுதியை உள்ளடக்கிய பரப்பில் மேற்குக் காற்று 4 கிலோமீட்டருக்கு மேற்பட்ட உயரம் வரை பரவியிருக்கவேண்டும். கேரளத்தை அடுத்த கடலின்மீது, முக்கால் கிலோமீட்டர் உயரத்தையொட்டி, அதன் வேகம் மணிக்கு 28 முதல் 37 கிலோமீட்டர் வரை இருத்தல்வேண்டும்.

மூன்றாவது, மேகம். பூமியிலிருந்து விண்வெளிக்குச் செல்லும் வெப்பக் கதிர்வீச்சைச் செயற்கைக் கோள் அளக்கிறது. உயர்ந்து அடர்ந்த மேகங்களின் உச்சி மிகக் குளிர்ந்திருப்பதால், அங்கிருந்து வெளிப்படும் வெப்பம் குறைவு. கேரளத்திற்கு மேற்கேயுள்ள கடற்பரப்பில் இவ்வளவு சதுர மீட்டருக்கு 200 வாட்டுக்குக் கீழ் இருப்பின், மேகத் திரள் போதுமானது என்று கொள்ளப்படுகிறது.

இம்மூன்றும் நிறைவேறினால் இரண்டாம் நாளில் தொடக்கம் அறிவிக்கப்படுகிறது.

தொடக்க நாளும் மழையின் அளவும்

பருவம் முந்தி வந்தால் அவ்வாண்டு மழை மிகும், பிந்தினால் குறையும் என்ற எண்ணம் பலரிடம் உண்டு. இது சரியன்று. கேரளத்தில் பருவ மழை மிக முந்தித் தொடங்கியதாகப் பதிவாகியுள்ள நாள் 1918-ஆம் ஆண்டின் மே 11. மிகப் பிந்தியது 1972-ஆம் ஆண்டின் ஜூன் 18. இவ்விரண்டுமே நாட்டில் கடும் வறட்சி நிலவிய ஆண்டுகள். 2009-இல் பருவம் மே 23-லேயே தொடங்கியது. ஆயினும் ஜூன் மாதத்தில் நாட்டின் மழை சராசரியில் ஏறத்தாழப் பாதியளவே கிடைத்தது. பருவம் முழுவதிலும் பெய்த மழை 22 சதவீதம் குறைந்தது. தொடக்க நாள் என்பது வாயில் திறந்த நாளைக் காட்டுமேயன்றி, உள்ளே வரப்போவதன் அளவைக் காட்டாது.

விதைப்பும் ஈரமும்

ஒரு ஹெக்டேர் நிலத்தில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 10,000 லிட்டர் நீர் விழுகிறது. ஒரே மாலையில் 25 மில்லிமீட்டர் பெய்தால் அது இரண்டரை இலட்சம் லிட்டர். இவ்வளவு நீரும் பயிருக்குப் பயன்படும் என்று எண்ணிவிடக் கூடாது. கோடையில் இறுகிய மண்மீது விரைந்து பெய்யும் மழையில் ஒரு பகுதி வழிந்தோடிவிடும். தங்கிய நீரிலும் பெரும்பகுதி அடுத்த சில நாள் வெயிலில் ஆவியாகிவிடும். விதை முளைப்பதற்கு இந்த ஈரம் போதும். முளைத்த பயிர் வளர்வதற்குப் போதாது. முளைவிட்ட விதை மீண்டும் விதையாவதில்லை.

கேரளத்தில் விரிப்பு என்னும் முதற்போக நெல்லை, கோடை மழையின் ஈரத்தைக் கொண்டு புழுதியில் விதைக்கும் பொடிவிதை முறை நெடுங்காலமாக உள்ளது. பருவ மழை உரிய நாளில் வந்தால் பயிர் நன்கு வேரூன்றியிருக்கும். பிந்தினால் இளம்பயிர் வாடும். எனவே இம்முறையைக் கையாள்வோர் விதை முழுவதையும் ஒரே மழையில் இறைத்துவிடாமல், ஒரு பகுதியைச் சேமித்து வைப்பது நன்று. வறண்ட பகுதிகளில் விதைப்பதற்கு முன் மண்ணைத் தோண்டி, ஈரம் எவ்வளவு ஆழம் இறங்கியுள்ளது என்று பார்ப்பது செலவில்லாத சோதனை.

பயணம் செய்வோர் கவனத்திற்கு

மே மாதத்தில் பயணம் செய்வோர் முக்கியமாக அஞ்சவேண்டியது மின்னலை. மின்னல் தோன்றியபின் இடியோசை கேட்பதற்குள் 30 வினாடிகளுக்குக் குறைவாகவே ஆகுமாயின், இடிமேகம் 10 கிலோமீட்டர் தூரத்திற்குள் உள்ளது என்று பொருள். உடனே கட்டடத்திற்குள் செல்லவேண்டும், மரத்தடியில் ஒதுங்கலாகாது. பருவ மழை தொடங்கிய பின்னர், மலைப்பாதைகளில் மண்சரிவும், தேங்கிய நீரில் காலில் புண்ணுடன் நடப்பதால் எலிக்காய்ச்சலும் நேரக்கூடும்.

பள்ளிகளில் செய்யத்தக்கது

மழைமானி ஒன்று, உயர்-தாழ் வெப்பமானி ஒன்று, காற்றுத் திசைகாட்டி ஒன்று ஆகிய மூன்று கருவிகள் இருந்தால் மாணவர்கள் இம்மாறுதலைத் தாங்களே அளந்தறியலாம். நாள்தோறும் காலை 8.30 மணிக்கு, முந்திய 24 மணி நேர மழையையும், உயர்ந்த, தாழ்ந்த வெப்பநிலைகளையும், காற்றின் திசையையும், மழை பெய்த நேரத்தையும் குறித்துவரவேண்டும். மே நடுவிலிருந்து ஜூன் நடுவரை குறித்தவற்றைக் கட்டத்தாளில் வரைந்தால், மாலை மழை எந்நேர மழையாவதும், வெப்பநிலைக் கோடுகள் இரண்டும் நெருங்குவதும், காற்று ஒரு திசையில் நிலைப்பதும் கண்கூடாக விளங்கும்.

எனினும், ஓர் ஊரின் மழைமானி அவ்வூரில் பெய்த மழையையே கூறும். கடல்மீதுள்ள காற்றின் ஆழத்தை அது கூறாது. ஆகையால் கிராம ஊழியர்கள் விதைப்பு நாளைப்பற்றி யோசனை கூறுமுன், உள்ளூர்ப் பதிவேட்டையும், மண்ணின் ஈரத்தையும், வானிலைத் துறையின் அறிவிப்பையும் சேர்த்துப் பார்த்தல்வேண்டும். மூன்றும் ஒத்திருக்கும்போது விதையை மண்ணில் இடலாம். ஒவ்வாதிருப்பின், விதை இன்னும் சில நாள் குதிரிலேயே இருப்பது நலம்.