விடை தெரிந்தும் வேலை நழுவுவது ஏன்?

"கையில்தான் பட்டம் இருக்கிறதே, அப்புறம் எதற்கு இன்னொரு பரீட்சை?" மென்பொருள் வேலைக்கு நேர்முகத் தேர்வுக்குப் போய், வாடிய முகத்தோடு திரும்பும் பிள்ளையைப் பெற்றோர் கேட்பது இதுதான். பிடிபிடிஎன் கடனைக் கட்ட வேண்டிய கவலை வேறு.

இந்த நேர்காணலில் சான்றிதழைப் புரட்டிவிட்டு நாலு கேள்வி கேட்டு அனுப்பிவிட மாட்டார்கள். பெரும்பாலும் முதலில் இணையவழித் தேர்வு நடக்கும். அதில் தேறியவர் எதிரே ஒரு பொறியாளர் அமர்ந்து, கணக்கு ஒன்றைக் கொடுத்து, முக்கால் மணி நேரத்தில் அங்கேயே நிரல் எழுதச் சொல்வார். புதிய பட்டதாரிக்குக் கண்டம் அங்கேதான்.

கணக்கு பார்வைக்கு எளிதாக இருக்கும். 10,000 எண்கள் கொண்ட பட்டியலில் எந்த இரண்டைக் கூட்டினால் 500 வரும்? ஒவ்வோர் எண்ணையும் மற்ற எல்லாவற்றோடும் கூட்டிப் பார்க்கலாம். விடை வரும், ஆனால் ஏறக்குறைய 50 மில்லியன் முறை கூட்ட நேரிடலாம். இன்னொரு வழியும் உண்டு. பட்டியலை ஒரே முறை படித்துக்கொண்டு போகும்போதே, பார்த்த எண்களைக் குறித்து வைக்க வேண்டும். 180 வந்தால், 320 ஏற்கெனவே வந்ததா என்று குறிப்பைப் பார்த்தால் போதும். 10,000 படிகளில் வேலை முடிந்தது. தோட்டத்துக் கடைக்காரர் 555 புத்தகத்தில் பெயர் வாரியாகக் கடன் எழுதி வைத்ததும் ஏறக்குறைய இதே தந்திரம்தான்.

ஆனால், எதிரே இருப்பவர் விடைக்கு மட்டும் மதிப்பெண் போடுவதில்லை. ஒரே எண் இரண்டு முறை வரலாமா, பொருந்தும் ஜோடியே இல்லாவிட்டால் என்ன செய்வது என்று பிள்ளை முதலில் கேட்கிறதா? மெதுவான வழியைச் சொல்லி, அதன் குறையையும் தானே சொல்கிறதா? எழுதியதைச் சரிபார்க்கிறதா? "இது உறுதியா?" என்று அவர் கேட்டால் அது அதட்டல் அல்ல, பெரும்பாலும், 'இங்கே பிழை இருக்கிறது, பார்' என்ற சாடைதான். பெரியவர் முன் வாயைத் திறக்காதே என்று வளர்ந்த பிள்ளை அங்கே மௌனமாகிவிடுகிறது. மனத்துக்குள் சரியாக யோசித்திருந்தாலும் தாளில் அதற்குக் குறிப்பு விழாது.

இந்த முறை நியாயமானதா என்பது வேறு விஷயம். ஹோம்புரூ மென்பொருளை உருவாக்கிய மேக்ஸ் ஹோவெல், வெண்பலகையில் ஒரு கணக்கைப் போட முடியாததால் கூகுள் தம்மை நிராகரித்ததாக 2015இல் டுவிட்டரில் எழுதினார். கூகுள் பொறியாளர்களில் பெரும்பாலோர் தம் மென்பொருளையே பயன்படுத்துவதாகவும் குறைபட்டுக்கொண்டார். அமெரிக்காவின் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகமும் மைக்ரோசாப்ட்டும் 2020இல் வெளியிட்ட ஆய்வில் 48 கணினி மாணவர்கள் பங்கேற்றனர். தனி அறையில் கணக்குப் போட்டவர்களோடு ஒப்பிட்டால், ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கப் போட்டவர்களின் திறன் பாதிக்கும் கீழே போனது. அப்படியானால் சோதிக்கப்படுவது அறிவா, பதற்றத்தைத் தாங்கும் சக்தியா என்ற கேள்வி எழத்தான் செய்யும்.

நிறுவனங்கள் மாறும்வரை காத்திருக்க முடியாது. இரவில் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு நூறு கணக்குப் போடுபவர்கள், அதில் பத்தையாவது ஒருவர் எதிரே வாய்விட்டு, ஆங்கிலத்திலேயே, கடிகாரத்தை வைத்துப் போட்டுப் பார்க்கலாம். எதிரே இருப்பவருக்குக் கணினி தெரிந்திருக்க வேண்டியதில்லை. சமையல் மேசையில் உட்கார்ந்து "ஏன் அப்படிச் செய்தாய்?" என்று கேட்க அம்மாவே போதும்.