ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் படுக்காதீர்கள்

ஞாயிற்றுக்கிழமை ஆம்பூர் தெருக்களில் ஒரு சுற்று வந்தால் போதும். வாரம் முழுக்கத் தோல் ஏற்றிய ஏதாவது ஒரு டாடா ஏஸோ தோஸ்தோ வீட்டு வாசலில் ஜாக்கி மேல் நிற்கும். அடியிலிருந்து இரண்டு கால்கள் நீண்டிருக்கும். கிளட்ச் போய்விட்டது, ஷெட்டுக்கு விட்டால் கூலியும் போகும், இரண்டு நாள் வாடகையும் போகும், நாமே கியர் பாக்ஸை இறக்கிவிடலாம் என்ற கணக்கு. அந்தக் கணக்கில் உயிருக்கு மட்டும் விலை போடுவதில்லை.

சொந்த வண்டியின் கியர் பாக்ஸை வீட்டில் இறக்குவது குற்றமல்ல. எதன் மேல் நிறுத்திவிட்டு இறக்குகிறோம் என்பதுதான் கேள்வி. ஜாக்கி தூக்குவதற்கு மட்டும்தான், தாங்குவதற்கு அல்ல. உள்ளே ஒரு சீல் கசிந்தாலும், மழையில் ஊறிய மண்ணில் அடித்தட்டு புதைந்தாலும் வண்டி இறங்கிவிடும். செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்கும். கெட்டியான தரையில், சேஸிஸுக்கு அடியில் ஜாக்கி ஸ்டாண்டு வைத்த பிறகே உள்ளே போக வேண்டும்.

இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை. கியரில் போட்டிருக்கிறேன், வண்டி நகராது என்கிறார்கள். புரொப்பல்லர் ஷாஃப்ட்டைக் கழற்றிய நொடியில் பின்சக்கரத்துக்கும் கியருக்கும் உள்ள உறவு அறுந்துவிடும், வண்டி உருளும். அதற்கு முன்பே ஹேண்ட் பிரேக் போட்டு, தரையில் இருக்கும் சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை வையுங்கள். பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள். கியர் பாக்ஸைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தை எடுத்தால் எஞ்சினின் பின்பக்கம் சாயும். அதற்கும் தனியாக முட்டு வேண்டும். கியர் பாக்ஸை நெஞ்சில் வாங்கி இறக்கும் வீரம் வேண்டவே வேண்டாம்.

வெளிநாட்டு வீடியோ பார்த்து வேலையைத் தொடங்குவோருக்கு ஒரு வார்த்தை. அங்கே பெரும்பாலும் ஆட்டோமேட்டிக். டார்க் கன்வெர்ட்டரும் ஆயில் குளிர்விக்கும் குழாய்களும் உண்டு. நம் ஊர்ச் சரக்கு வண்டிகளில் பெரும்பாலும் மேனுவல். இரண்டையும் கழற்றும் முறை ஒன்றல்ல.

வாரண்டி இருக்கும் வண்டியை வீட்டில் பிரிக்கவே பிரிக்காதீர்கள். சர்வீஸ் சென்டரில் விட்டு, குறையை எழுதிய ஜாப் கார்டைக் கையில் வாங்குங்கள். வாரண்டியில் சரிசெய்ய மறுத்தால், மறுப்பை எழுதித் தரச் சொல்லுங்கள். பிறகு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இ-ஜாக்ரிதி தளம் வழியாகவே புகார் கொடுக்கலாம். வாங்கிய பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. பிரச்சினை எழுந்த 2 ஆண்டுக்குள் போக வேண்டும். சரக்கு வண்டி வணிகத்துக்கானது, நீ நுகர்வோரே அல்ல என்று எதிர்த்தரப்பு வாதிடும். சுயதொழிலாகப் பிழைப்புக்கு ஓட்டுபவர் நுகர்வோர்தான் என்று 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமே சொல்கிறது. அந்த வரியைப் புகாரில் மறக்காமல் எழுதுங்கள்.

அசம்பாவிதம் நடந்துவிட்டால்? வண்டி இன்சூரன்ஸில் உரிமையாளர்-ஓட்டுநருக்கான 15 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பு, ஓட்டும்போதும் ஏறி இறங்கும்போதும் உடன் பயணிக்கும்போதும்தான். வாசலில் வண்டிக்கு அடியில் படுத்திருந்தவருக்கு அதை நம்பியிருக்க முடியாது. கைகொடுக்கக்கூடியது பிரதமரின் சுரக்ஷா பீமா: ஆண்டுக்கு 20 ரூபாய், வங்கிக் கணக்கிலிருந்தே பிடிப்பார்கள், 18 முதல் 70 வயது வரை. விபத்தில் இறந்தால் 2 லட்சம். ஒரு கையோ காலோ செயலிழந்தால் 1 லட்சம்.

ஆனால் நம்மவர்கள் அதையும் கெடுத்துக்கொள்கிறார்கள். போலீஸ் கேஸாகிவிடும் என்று பயந்து, வழுக்கி விழுந்தார் என்று ஆஸ்பத்திரியில் சொல்கிறார்கள். போஸ்ட்மார்ட்டம் வேண்டாமென்று அவசரமாக உடலை வாங்கிப் போகிறார்கள். பிறகு காகிதம் இல்லை, பணமும் இல்லை. நடந்ததை நடந்தபடி சொல்லி, ஆக்சிடென்ட் ரிஜிஸ்டர் நகலைக் கேட்டு வாங்குங்கள். உயிர் போயிருந்தால் முதல் தகவல் அறிக்கை, போஸ்ட்மார்ட்டம் அறிக்கை, இறப்புச் சான்றிதழ் மூன்றும் வேண்டும். 30 நாட்களுக்குள் வங்கிக் கிளையில் விண்ணப்பியுங்கள்.

தமிழ்நாட்டில் ஓட்டுநர்களுக்கும் வாகனப் பழுதுபார்ப்போருக்கும் தனியாக நல வாரியமே இருக்கிறது. விபத்து மரணத்துக்கும் ஊனத்துக்கும் உதவித்தொகை உண்டு. தொழிலாளர் துறை இணையதளத்தில் பதிவு செய்யலாம். துறை அதிகாரிகள் ஒருநாள் வேன் ஸ்டாண்டுக்கு வந்து மேஜை போட்டு உட்கார்ந்தால் வேலை முடிந்தது. வரும் வரை காத்திருக்காமல் நீங்களே போய்ப் பதியுங்கள்.

வடித்த கியர் ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். அது அபாயக் கழிவு. பாலாற்றைக் கெடுத்ததற்காகத் தோல் தொழிற்சாலைகளை 1996-லும் 2025-லும் உச்ச நீதிமன்றம் கண்டித்தது. அவர்களைத் திட்டும் நாம் அதே பாலாற்றுக்கு எண்ணெய் அனுப்பக் கூடாது. கேனில் பிடித்து, பழைய ஆயில் சேகரிக்கும் ஷெட்டில் கொடுங்கள்.

மறுபடியும் சொல்கிறேன்: ஜாக்கி தாங்காது. ஒரு ஜோடி ஸ்டாண்டு வாங்க மனமில்லாதவர் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு வண்டியை ஷெட்டுக்கு விடுவதே நல்லது.