வரைபடத்தில் இல்லாத ஊர்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. மாணவர் கட்டுரை)

மால்குடி என்ற ஊரை இந்திய வரைபடத்தில் தேடினால் கிடைக்காது. ஆயினும் அங்கே சரயு என்ற ஆறு ஓடுகிறது. மார்க்கெட் ரோடு இருக்கிறது. ஆல்பர்ட் மிஷன் பள்ளியில் மணி அடிக்கிறது. கதைகளைப் படித்தே அமெரிக்கப் பேராசிரியர் ஒருவர் அவ்வூருக்கு வரைபடமும் வரைந்துவிட்டார். இவ்வூரைப் படைத்தவர் ஆர்.கே. நாராயண் (1906–2001). வீட்டில் தமிழ் பேசி, ஏட்டில் ஆங்கிலம் எழுதிய நகைச்சுவை மன்னர். மால்குடி கற்பனைதான், ஆனால் அதைக் கட்டிய செங்கற்கள் கற்பனையா? அதைச் சற்று ஆராய்வோம்.

மால்குடி பிறந்தது நம் பக்கத்து ஊரான பெங்களூரில். 1930-ஆம் ஆண்டு, பாட்டி நாள் பார்த்துச் சொன்ன ஒரு நல்ல நாளில், நாராயண் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி எழுத அமர்ந்தார். முதலில் அவர் மனக்கண்ணில் தோன்றியது ஒரு சிறிய இரயில் நிலையமும், அதன் நடைமேடையில் ஓடும் சுவாமிநாதன் என்ற சிறுவனும்தான். அச்சிறுவனின் கதை 'சுவாமி அண்ட் ஃப்ரெண்ட்ஸ்' என்ற பெயரில் 1935-இல் இலண்டனில் வெளியாயிற்று.

சுவாமியின் வீட்டில் பேரனிடம் கதை பேசும் பாட்டி இருக்கிறாள். நாராயணின் இளமையும் சென்னைப் புரசைவாக்கத்தில் பாட்டியின் வீட்டில்தான் கழிந்தது. அங்கே அவருக்கு விளையாட்டுத் தோழர்கள் ஒரு மயிலும் ஒரு குரங்கும்! அவர் படித்த லூதரன் மிஷன் பள்ளியின் வேதபாட வகுப்பே, கதையில் எபனேசர் வாத்தியாரின் வகுப்பாக உருமாறியது எனலாம்.

அடுத்த செங்கல் மைசூர். அங்கே அவருடைய தந்தையார் மகாராஜா உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியர். வீட்டிலும் தலைமையாசிரியர், பள்ளியிலும் தலைமையாசிரியர் என்றால் ஒரு பையனின் பாடு எப்படி இருந்திருக்கும் என்பதை நண்பர்களே ஊகித்துக் கொள்ளலாம்! மைசூர் நகருக்குள் ஆறு ஓடவில்லை. குக்கரஹள்ளி ஏரிதான் உண்டு. ஆகவே இருந்ததை எடுத்துக்கொண்டு, இல்லாத ஆற்றை அவரே ஓடவிட்டார்.

ஒரு வேடிக்கையும் உண்டு. 1986-இல் சங்கர் நாக் இக்கதைகளைத் தொலைக்காட்சித் தொடராக எடுத்தபோது, சிவமொக்கா மாவட்டத்து ஆகும்பே மால்குடியாயிற்று. அரசாளு இரயில் நிலையம் மால்குடி நிலையமாயிற்று. 2020-இல் அந்நிலையத்தில் மால்குடி அருங்காட்சியகமே திறந்துவிட்டார்கள். ஊர் கதையைப் பெற்றது போக, கதை ஊரைப் பெற்றுவிட்டது!

இவ்விடங்களில் அப்படி என்ன சிறப்பு? ஒன்றுமில்லை. ஒரு பள்ளி, ஒரு தெரு, ஒரு திண்ணை, ஒரு பாட்டி. பெரியவர்களுக்குச் சிறியதாகத் தெரியும் பரீட்சையும் கிரிக்கெட் மட்டையும் சிறுவனுக்கு மலையாகத் தெரிகின்றன. அந்த இடைவெளியில்தான் சிரிப்பு பிறக்கிறது. மால்குடி மனிதர்களை நியூயார்க் தெருவிலும் காண்பதாக நாராயண் எழுதியுள்ளார். நியூயார்க்கில் இருப்பவர்கள் மூக்கண்டப்பள்ளியில் இருக்க மாட்டார்களா?

எங்கள் மூக்கண்டப்பள்ளியை வெளியூரார் 'சிப்காட்' என்றுதான் அறிவர். ஷிப்டு பேருந்தும் சங்கொலியுமே ஊரின் கடிகாரம். ஒரே தேநீர்க் கடையில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து ஒலிக்கும். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். என் பாட்டி ஒரு தொழிற்சாலை மதிற்சுவரைக் காட்டி, "அதுக்கு அந்தப் பக்கம்தான் நம்ம ராகிக் களம்" என்பார். சாலையோரப் புளியமரத்தில் பேய் இருந்ததாம். சாலையை அகலப்படுத்த மரத்தை வெட்டிவிட்டார்கள். "பாவம், அந்தப் பேய் இப்ப எங்கே குடியிருக்குதோ?" என்று பாட்டி இன்னும் கவலைப்படுகிறார்.

தொழிற்சாலைகள் வேண்டாம் என்பதல்ல என் வாதம். என் தந்தையின் சம்பளமும் என் கல்லூரிக் கட்டணமும் அங்கிருந்துதான் வருகின்றன. ஆனால் களமும் மரமும் போன பின் எஞ்சியிருப்பது பாட்டியின் நினைவு ஒன்றே. பாட்டிக்கு எழுதத் தெரியாது, எனக்குத் தெரியும். நம் வகுப்பில் பலர் வீட்டிலும் நிலைமை இதுதான்.

எனவே மாணவ நண்பர்களே! இந்த விடுமுறையில் உங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் அமர்ந்து, மறைந்துபோன ஓர் இடத்தைப் பற்றிக் கேட்டு ஒரு பக்கமாவது எழுதி வையுங்கள். நாராயண் தொடங்கியதும் ஒரு நோட்டுப் புத்தகத்தோடுதான்.