கனடாவின் நகரும் கானகமும்

பூமிசாஸ்திரம் பயின்ற காலத்திலே தேசப்படத்தின் தலைப்பாகத்தை நிறைத்துக் கிடக்கும் கனடாவை நாமனைவரும் ஒரே நிறமாகத் தீட்டியிருக்கின்றோம். இலங்கையைப்போல் 150 மடங்கிற்கு மேற்பட்ட பரப்புடைய நாட்டை அங்ஙனம் காட்டுவது எத்துணைப் பிழை என்பது அங்கு சென்றபோதே எனக்கு விளங்கிற்று. ஏறத்தாழ 4 கோடி மக்களுட் பெரும்பாலோர், ஐக்கிய அமெரிக்க எல்லையை ஒட்டிய 100 மைலுக்குட்பட்ட மெல்லிய கீற்றொன்றிலேயே வாழ்கின்றனர். அதற்கு வடக்கே விரிந்து கிடப்பதே நாட்டின் பெரும்பகுதி.

நகரங்களைப் பற்றி விரிக்க வேண்டியதில்லை. ரொறன்ரோவில் உறவினர் இல்லாத குடும்பம் இன்று நம்மிடையே அரிது. அங்கு பல்லாண்டு வாழும் நண்பர்களிடம் வடதிசைப் பயணம் பற்றி உசாவினேன். நயாகரா நீர்வீழ்ச்சிக்கு அப்பால் அவர்களுட் பலர் சென்றாரல்லர். (வேலையும் வீட்டுக்கடனும் விட்டால்தானே!) நகர்களுள் என் உள்ளத்தைக் கவர்ந்தது, 1608இல் சாம்பிளேன் என்னும் பிரெஞ்சுக்காரர் நிறுவிய கியூபெக் நகரே. அதன் பழைய மதில்கள் இன்றும் நிற்கின்றன.

வடபுலத்தை உள்ளவாறு காண விரும்புவோர் வினிப்பெக் நகரிலிருந்து ஹட்சன் குடாக்கரையிலுள்ள சேர்ச்சில் என்னும் சிற்றூருக்குப் புகையிரதத்திற் செல்லுதல் வேண்டும். ஏறத்தாழ 1,050 மைல்; வண்டியிலே இரண்டு இரவுகள் கழியும். ஆகாய விமானத்திற் சென்றால் விரைவில் அடையலாம். ஆயின் இடையிலுள்ள நாட்டைக் காண்பதெங்ஙனம்? முதலிற் கோதுமை வயல்கள். பின்னர் ஏரிகளும் ஊசியிலைக் காடுகளும். வடக்கே செல்லச் செல்ல மரங்கள் குறுகி, ஈற்றில் ஆளுயரமும் எய்தாது நிற்கின்றன.

அவ்விடத்தில் வண்டி ஓடுகின்றதா, நடக்கின்றதா என்ற ஐயம் எழும். காரணம் நிலத்தின் இயல்பே. அடிமண் ஆண்டு முழுவதும் உறைந்து கிடக்கின்றது. மேல்மண்ணோ கோடையில் இளகிச் சேறாகின்றது. அதனால் இருப்புப்பாதை ஓரிடத்தில் தாழ்ந்தும் ஓரிடத்தில் உயர்ந்தும் போக, வண்டியை மெதுவாகவே செலுத்த வேண்டியுளது. 1929இல் சேர்ச்சிலை எட்டிய இப்பாதை, 2017ஆம் ஆண்டு வசந்த காலத்து வெள்ளத்திற் பலவிடங்களில் அரிபட்டு, அடுத்த ஆண்டின் பிற்பகுதியிலேயே மீண்டும் திறக்கப்பட்டது. வெளியுலகோடு இணைக்கும் தெருவே இல்லாத அவ்வூருக்கு உணவும் எரிபொருளும் விமானத்தாலும் கப்பலாலுமே வந்தன; பண்டங்களின் விலை ஏறிற்று. இன்று அப்பாதையை உடைமையாகக் கொண்டிருப்போர் வடபுலத்துப் பழங்குடி மக்களும் அப்பகுதி ஊர்களுமே. யான் வெறுங் கானகமென எண்ணிச் சென்ற நிலம், கிறீ, டெனே முதலிய மக்களுக்குத் தொன்றுதொட்டு ஊரும் உணவுமாயிருப்பதை அங்குதான் உணர்ந்தேன்.

சேர்ச்சிலில் வாழ்வோர் ஏறத்தாழ 900 பேர். ஆயினும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் உலகின் பல திசைகளிலிருந்தும் மக்கள் அங்கு வருவது வெண்கரடிகளைக் காண்பதற்கே. வெண்கரடி கடற்பனியின்மேல் நின்றே சீல் என்னும் கடல்விலங்கை வேட்டையாடும். கோடையிற் பனி உருகியதும் கரையேறி, குடா மீண்டும் உறையும்வரை பெரும்பாலும் பட்டினியாகவே காத்திருக்கும். ஆற்றின் நன்னீர் கலப்பதாற் சேர்ச்சிலருகே கடல் முந்தி உறைகின்றது. கரடிகள் அங்கு திரள்வது அதனாலேயே. இப்பொழுது பனி முன்னரே உருகிப் பிந்தியே உறைகின்றது. பட்டினி நாட்கள் நீள்கின்றன. மேற்கு ஹட்சன் குடாப் பகுதியில் 1987இல் 1,200 அளவில் இருந்த கரடிகள் 2021இல் ஏறத்தாழ 618 எனக் கணிக்கப்பட்டன.

கரடி ஊருக்குள் வருதலும் உண்டு. ஆதலால் அவ்வூரார் தம் மோட்டார் வண்டிகளையும் வீட்டுக் கதவுகளையும் பூட்டாது விடும் வழக்கமுடையர்: துரத்தப்பட்டவன் எவனாயினும் அருகிலுள்ள கதவைத் திறந்து உட்புகலாம்.