ஒரே கடல், மூன்று எழுத்துகள்

கப்பல் சரக்குக்கு இன்ஷூரன்ஸ் இருந்தால் மட்டும் போதாது. எது இழப்பு என்பதைத் தீர்மானிப்பது பாலிசியின் வார்த்தைகள்தான்.

2025 மே 25. கொச்சிக்கு அப்பால் சுமார் 38 கடல் மைல் தொலைவில் எம்.எஸ்.சி. எல்சா 3 என்ற லைபீரியக் கொடிக் கப்பல் மூழ்கியது. மாலுமிகள் 24 பேரும் காப்பாற்றப்பட்டார்கள். 640-க்கும் மேற்பட்ட கன்டெய்னர்கள் தப்பவில்லை. கொல்லம், ஆலப்புழைக் கரைகளில் சில ஒதுங்கின.

மிளகும் சுக்கும் மணக்கும் மட்டாஞ்சேரியில் இப்படியொரு செய்தி வந்தால், வியாபாரிக்குத் தோன்றும் முதல் கேள்வி: 'இன்ஷூரன்ஸ் இருக்கிறதா?' கேட்க வேண்டியதோ வேறு: 'எந்த இன்ஷூரன்ஸ்?'

கப்பல் சரக்குக் காப்பீட்டில் உலகெங்கும் புழங்குவது லண்டனில் உருவான மூன்று ஷரத்துத் தொகுப்புகள். பெயர்கள் எளிமையானவை: ஏ, பி, சி. ஏ எல்லா அபாயங்களையும் ஏற்கும், விலக்கப்பட்டவை நீங்கலாக. பி, சி இரண்டும் பட்டியலில் உள்ள அபாயங்களுக்கு மட்டுமே பணம் தரும். பட்டியலில் சி-தான் சிறியது, பிரீமியமும் குறைவு.

கப்பலே மூழ்கினால் மூன்றும் கைகொடுக்கும். சரக்கு நனைந்து வந்தால்தான் வம்பு. கன்டெய்னருக்குள் கடல் நீர் புகுந்தால் ஏ, பி இரண்டும் தரும். சி கைவிரித்துவிடும். மழை நீர் புகுந்தாலோ பி-யும் ஒதுங்கிக்கொள்ளும். தென்மேற்குப் பருவமழை கொட்டும் துறைமுகத்தில் இது சின்ன வித்தியாசம் அல்ல. மூட்டைக்கு எல்லா நீரும் ஒன்றுதான். பாலிசிக்கு அப்படியில்லை.

மிளகுக்கு இன்னொரு பகை, ஈரம். சரியாகக் காயாத மிளகு பயணத்திலேயே பூசணம் பிடித்தால், அது சரக்கின் 'உள்ளார்ந்த குறை'. இந்தியாவின் 1963-ம் ஆண்டு கடல்சார் காப்பீட்டுச் சட்டத்தின் 55-வது பிரிவு அதற்கு இழப்பீடு இல்லை என்கிறது, பாலிசி வேறுவிதமாகச் சொன்னாலொழிய. அந்த 'ஒழிய'வில்தான் சூட்சுமம். இந்தோனேஷியாவிலிருந்து ஐரோப்பா போன சோயா மொச்சை வழியில் தானே சூடேறிக் கெட்ட வழக்கு, 1980-களின் தொடக்கத்தில் பிரிட்டனின் பிரபுக்கள் சபை வரை போனது. வியாபாரி சூடேறுதலுக்கென்றே தனிப் பாலிசி எடுத்திருந்தார். ஆகவே இழப்பீடு உண்டு என்பது தீர்ப்பு.

தாமதத்துக்கு இந்தக் கருணை அபூர்வம். எல்சா 3 தொடர்பான வழக்குகளில், எம்.எஸ்.சி. நிறுவனத்தின் வேறு கப்பல்களைத் தடுத்துவைக்க 2025-ல் கேரள உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அப்படி நிற்கும் கப்பலில் சரக்கு பத்திரமாகவே இருக்கும். அது போய்ச் சேருவதற்குள் சந்தையில் விலை சரிந்தால்? ஏ பாலிசிகூடத் தராது. மீனவர்களின் நஷ்டம், கடல் மாசு ஆகியவை சரக்குப் பாலிசிக்குள் வரவே வராது. அது கப்பல் உரிமையாளரின் பொறுப்புக் காப்பீட்டைச் சேர்ந்தது.

பாலிசி எங்கே தொடங்குகிறது என்பதும் முக்கியம். 1982-ம் ஆண்டு ஷரத்துகளின்படி, சரக்கு கிடங்கை விட்டு வெளியேறிய பிறகே பாதுகாப்பு. 2009-ல் திருத்திய ஷரத்துகளில், லாரியில் ஏற்றுவதற்காகக் கிடங்குக்குள் முதன்முதலாக நகர்த்தும்போதே தொடங்கிவிடுகிறது. ஏற்றும்போது மூட்டை சரிந்தால் யார் தலையில் நஷ்டம் என்பதை முடிவுசெய்வது ஷரத்தின் ஆண்டு!

இறக்குமதியாளருக்கும் ஓர் எச்சரிக்கை. விலை, காப்பீடு, கப்பல் கூலி மூன்றும் அடங்கிய சி.ஐ.எப். முறையில் விற்பவரே இன்ஷூரன்ஸ் எடுத்துத் தருவார். ஆனால் இன்கோடெர்ம்ஸ் விதிகள் அவரிடம் கேட்பது குறைந்தபட்சப் பாதுகாப்பான சி மட்டுமே. அதற்கு மேல் வேண்டுமானால் வாங்குபவர் ஒப்பந்தத்திலேயே கேட்டு எழுதி வாங்க வேண்டும்.

கப்பல் கிளம்பிய பிறகு பாலிசியைப் பிரித்துப் படிப்பவர்கள்தான் அதிகம். ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் அந்த ஓர் எழுத்தைப் பார்க்க ஒரு நிமிடம் போதும்.