சைக்ஸ் (குடும்பப் பெயர்)

சைக்ஸ் என்பது வட இங்கிலாந்தில், குறிப்பாக யார்க்ஷயரின் மேற்குப் பகுதியில் வேர்கொண்ட ஓர் ஆங்கிலக் குடும்பப் பெயர் ஆகும். சிற்றோடையைக் குறிக்கும் பழஞ்சொல் ஒன்றிலிருந்து இது உருவானது. ஆக்ஸ்போர்ட் பல்கலைக்கழக மரபியலாளரான பிரயன் சைக்ஸ் (1947–2020) தமது சொந்தக் குடும்பப் பெயரையே ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொண்டு, கேதரின் இர்வென் என்பவருடன் இணைந்து 2000 ஆம் ஆண்டில் ஓர் ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டார். ஒரே குடும்பப் பெயரைத் தாங்கியவர்கள் அனைவரும் ஒரே மூதாதையின் வழிவந்தவர்களா என்ற வினாவை மரபணுச் சோதனையின் மூலம் அணுகிய முன்னோடி ஆய்வுகளுள் இது ஒன்று. அவ்வாய்வு கண்ட முடிவும், அதன் மீது பின்னர் எழுந்த ஐயங்களும் ஆங்கிலக் குடும்பப் பெயர்களைப் பற்றிய அறிவை வெகுவாக மாற்றியுள்ளன.

பெயரின் பொருள்

பழைய ஆங்கிலத்திலும் பழைய நோர்சு மொழியிலும் ஏறத்தாழ ஒரே வடிவில் வழங்கிய ஒரு சொல்லே இப்பெயரின் மூலம். சதுப்பு நிலத்தின் ஊடாகவோ இரு வயல்களின் எல்லையிலோ ஓடும் சிறிய நீரோடையை அது குறித்தது. கோடையில் வற்றிவிடும் வாய்க்காலையும் அவ்வாறே அழைத்தனர். தென் இங்கிலாந்தில் இச்சொல்லின் இறுதி ஒலி சகரமாகத் திரிந்தது. நோர்சு மொழி பேசிய குடியேறிகளின் செல்வாக்குக்கு உட்பட்ட வடபகுதியில் ககரமாகவே நின்றது. வட இங்கிலாந்தின் வட்டார வழக்கிலும் இடப்பெயர்களிலும் "சைக்" என்ற சொல் இன்றும் உள்ளது.

இடைக்கால ஆவணங்களில் இப்பெயர் "டெல் சைக்" என்பது போன்ற வடிவங்களில் காணப்படுகின்றது. "ஓடையடியைச் சேர்ந்தவர்" என்பது இதன் பொருள். காலப்போக்கில் முன்னொட்டு மறைந்து, இறுதியில் "ஸ்" ஒலி சேர்ந்தது. ஆங்கிலத்தில் இப்பெயரை ஓர் எழுத்து மாற்றத்துடன் இரு வகையாக எழுதுவர். தமிழில் எழுதும்போது இவ்வேறுபாடு தெரிவதில்லை. சார்லஸ் டிக்கன்ஸின் "ஆலிவர் ட்விஸ்ட்" புதினத்தில் வரும் கொடியவனான பில் சைக்ஸின் பெயர் இந்த இரண்டாவது எழுத்துக்கூட்டலில் அமைந்ததாகும்.

ஓடைகள் எங்கும் இருப்பவை. ஆகவே, ஒன்றோடொன்று தொடர்பற்ற பல குடும்பங்கள், வெவ்வேறு ஊர்களில், வெவ்வேறு ஓடைகளின் பெயரால் இப்பெயரைப் பெற்றிருக்கும் என்பதே எழுத்துச் சான்றுகளை மட்டும் நம்பிய பெயராய்வாளர்களின் எதிர்பார்ப்பாக இருந்தது. இது முற்றிலும் நியாயமான எதிர்பார்ப்பே.

இங்கிலாந்தில் குடும்பப் பெயர்கள்

1066 இல் நோர்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பின்னரே மரபுவழிக் குடும்பப் பெயர்கள் அந்நாட்டில் பரவத் தொடங்கின. முதலில் நிலவுடைமைக் குடும்பங்கள் இவ்வழக்கத்தை மேற்கொண்டன. பொதுமக்களிடையே இது பெரும்பாலும் 13 ஆம், 14 ஆம் நூற்றாண்டுகளில் வேரூன்றியது. வடபகுதியில் இம்மாற்றம் தெற்கைவிடத் தாமதமாகவே நிகழ்ந்தது. யார்க்ஷயரின் மேற்குப் பகுதிக்கு 1379 ஆம் ஆண்டின் தலைவரிப் பதிவேடுகள் எஞ்சியுள்ளமை ஆய்வாளர்களுக்குக் கிடைத்த பெரும் பேறு எனலாம். குடும்பப் பெயர்கள் உறைந்து நிலைபெற்றுக்கொண்டிருந்த காலத்தையே அவை படம் பிடித்துக் காட்டுகின்றன.

தொழில், தந்தை பெயர், பட்டப்பெயர், வாழிடம் ஆகியவை இப்பெயர்களின் முதன்மையான ஊற்றுக்கள். கொல்லரைக் குறிக்கும் ஸ்மித், ஜானின் மகனைக் குறிக்கும் ஜான்சன் ஆகிய பெயர்கள் நாடெங்கும் ஆயிரக்கணக்கான முறை தனித்தனியே தோன்றியிருக்க வேண்டும். ஓர் ஊரின் பெயரைத் தழுவிய அரிய பெயர் ஒரே ஒரு குடும்பத்தில் தோன்றியிருக்கக்கூடும். சைக்ஸ் இவ்விரு முனைகளுக்கும் இடைப்பட்டது. யார்க்ஷயர் பெயர்களை நெடுங்காலம் ஆராய்ந்த வரலாற்றாளர் ஜார்ஜ் ரெட்மண்ட்ஸ், அப்பகுதியின் பல பெயர்கள் ஒரே குடும்பத்தில் தோன்றிப் பின்னர் பெருகியவை என்ற கருத்தை வலியுறுத்தி வந்தார். சைக்ஸ் பெயரும் ஹட்டர்ஸ்ஃபீல்ட் நகரைச் சூழ்ந்த பெனைன் மலைப் பள்ளத்தாக்குகளில் மிக அடர்த்தியாகக் காணப்படுகின்றது.

தந்தைவழி மரபுப் பொருள்

மனித உயிரணுவில் 23 இணை நிறப்புரிகள் உள்ளன. குரோமோசோம் எனவும் வழங்கும் இவற்றுள், ஒய் நிறப்புரி ஆண்களிடம் மட்டுமே காணப்படும். தந்தையிடமிருந்து மகனுக்கு, அவனிடமிருந்து அவன் மகனுக்கு என அது இறங்கி வருகின்றது. ஏனைய நிறப்புரிகள் ஒவ்வொரு தலைமுறையிலும் தம் இணையுடன் பகுதிகளை மாற்றிக்கொள்கின்றன. ஒய் நிறப்புரியின் பெரும்பகுதி அவ்வாறு மாற்றிக்கொள்வதில்லை. இங்கிலாந்தில் குடும்பப் பெயரும் தந்தையிடமிருந்தே மகனுக்குச் செல்கின்றது. பெயர் ஒரு சமூக வழக்கம், நிறப்புரி ஓர் உடற்பொருள். ஆயினும் இரண்டும் ஒரே தடத்தில் பயணிப்பதால், ஒன்றைக் கொண்டு மற்றொன்றைச் சோதிக்க இயலும்.

ஒய் நிறப்புரியில் சில இடங்களில் சிறு துணுக்குகள் திரும்பத் திரும்ப அடுக்கப்பட்டுள்ளன. அவற்றின் எண்ணிக்கை அரிதாகவே, ஒரு தலைமுறையிலிருந்து அடுத்த தலைமுறைக்குச் செல்லும்போது மாறுகின்றது. இத்தகைய பல இடங்களின் எண்ணிக்கையை வரிசையாக எழுதினால் கிடைப்பது ஒரு தந்தைவழியின் அடையாள எண் போன்றதாகும். இரு ஆண்களின் வரிசை ஒத்திருந்தால், அவர்களுக்கு அண்மைய நூற்றாண்டுகளில் ஒரு பொதுத் தந்தைவழி மூதாதை இருந்திருக்கும் வாய்ப்பு மிகுதி.

2000 ஆம் ஆண்டு ஆய்வு

யார்க்ஷயர், லங்காஷயர், செஷயர் ஆகிய பகுதிகளில் வாழ்ந்த சைக்ஸ் பெயருடைய ஆண்களைக் குறிப்பின்றித் தேர்ந்தெடுத்து அவர்களிடமிருந்து மாதிரிகள் பெறப்பட்டன. 48 பேரின் ஒய் நிறப்புரி 4 இடங்களில் சோதிக்கப்பட்டது. அவர்களுள் 21 பேரிடம், அதாவது ஏறத்தாழ 44 விழுக்காட்டினரிடம், ஒரே வரிசை காணப்பட்டது. அதே பகுதியில் வாழ்ந்த வேறு பெயருடைய ஆண்களிடமோ பிரித்தானியாவின் பொது மாதிரியிலோ அவ்வரிசை தென்படவில்லை.

இதிலிருந்து, இன்றுள்ள சைக்ஸ் ஆண்கள் ஒரே மூதாதையிடமிருந்து பெயரைப் பெற்றவர்கள் என்று ஆய்வாளர்கள் முடிவு செய்தனர். பல தோற்றங்களை எதிர்பார்த்த எழுத்துச் சான்றுகளுக்கு இது நேர்மாறானது. எஞ்சிய பாதிக்கு மேற்பட்டோரின் வரிசைகள் பொதுமக்களிடம் காணப்படும் கலவையையே ஒத்திருந்தன. கடந்த 700 ஆண்டுகளில் பெயர் ஒரு வழியிலும் நிறப்புரி வேறொரு வழியிலும் பிரிந்த நிகழ்வுகளால் இது ஏற்பட்டிருக்கலாம் என்றும், அவ்வாறாயின் அத்தகைய பிரிவு ஒரு தலைமுறைக்குச் சராசரியாக 1.3 விழுக்காடு என்றும் அவர்கள் கணித்தனர்.

செய்தி ஏடுகள் இந்த எண்ணை மனைவியரின் ஒழுக்கத்தை அளக்கும் கோலாகவே எடுத்துக்கொண்டன. இது பொருத்தமற்றது. மணமாகாத தாயின் மகன் தாயின் பெயரையே பெற்றான். தத்தெடுக்கப்பட்ட பிள்ளையும், மறுமணம் செய்த தாயுடன் வந்த பிள்ளையும் வளர்ப்புத் தந்தையின் பெயரைப் பெறுவதுண்டு. சொத்துரிமைக்காக மனைவியின் குடும்பப் பெயரை ஏற்ற கணவர்களும் இருந்தனர். இவை அனைத்தும் பெயரையும் நிறப்புரியையும் பிரிப்பவையே.

ஒரு மூதாதையா, பலரா?

இவ்வாய்வின் முடிவில் ஒரு முக்கியமான இடைவெளி உள்ளது. பொது வரிசையைப் பெறாத 27 பேர் முறிந்த தந்தைவழிகளின் வாரிசுகளாக இருக்கலாம். அல்லது, வேறு ஓடைகளின் அருகில் வாழ்ந்து, தனியே இப்பெயரைப் பெற்ற பிற குடும்பங்களின் வாரிசுகளாகவும் இருக்கலாம். நிறப்புரியை மட்டும் பார்த்து இவ்விரண்டையும் வேறுபடுத்துவது கடினம். பின்னது ஓரளவேனும் உண்மையாயின், முறிவு வீதம் 1.3 விழுக்காட்டினும் குறைவாகவே இருக்க வேண்டும்.

அதுபோலவே, பலர் ஒரே வரிசையைக் கொண்டிருப்பதும் ஒரே மூதாதைக்கு உறுதியான சான்றாகாது. மகன் பிறவாத குடும்பத்தின் பெயர் அத்துடன் அற்றுப்போகின்றது. ஒவ்வோர் ஆணுக்கும் சராசரியாக ஒரு மகன் என்றும், மகன்களின் எண்ணிக்கை தற்செயலாக அமைகின்றது என்றும் கொண்டால், 20 தலைமுறைகளின் முடிவில் பத்தில் ஏறத்தாழ ஒன்பது தந்தைவழிகள் மறைந்திருக்கும். 1348–49 இல் பரவிய கரும்பெருந்தொற்று போன்ற பேரிடர்கள் இம்மறைவை மேலும் விரைவுபடுத்தின. எனவே பத்துக் குடும்பங்கள் ஒரே பெயருடன் தொடங்கியிருந்தாலும், ஒன்று மட்டும் பெருகி ஏனையவை தேய்ந்திருக்கக்கூடும். குடும்பப் பெயர்களின் மறைவு பற்றிய இக்கணக்கை 1870களிலேயே பிரான்சிஸ் கால்ட்டன், ஹென்றி வாட்சன் ஆகியோர் ஆராய்ந்தனர். அவர்களின் பெயரால் அழைக்கப்படும் கணித முறை இன்று அணுக்கருத் தொடர்வினை முதல் நோய்ப் பரவல் வரை பயன்படுகின்றது.

லெஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டூரி கிங், மார்க் ஜாப்லிங் ஆகியோர் 2009 இல் வெளியிட்ட ஆய்வு இதனைத் தெளிவாக்கியது. 40 குடும்பப் பெயர்களைச் சேர்ந்த 1678 ஆண்களை அவர்கள் சோதித்தனர். ஸ்மித் பெயருடையோர், எழுந்தமானமாக எடுக்கப்பட்ட ஆண்களைவிட ஒருவருக்கொருவர் நெருங்கியவர்களாக இல்லை. அட்டன்பரோ என்ற அரிய பெயருடையோரில் பத்தில் ஏறத்தாழ ஒன்பது பேர் ஒரே தந்தைவழியினர். பெயர் அரிதாகுந்தோறும் உறவு நெருங்குகின்றது என்பது பொதுவான போக்கு. ஆயினும், அந்த நெருக்கத்தில் எவ்வளவு தொடக்கத்தால் வந்தது, எவ்வளவு தற்செயலான தேய்வால் வந்தது என்பதைப் பிரித்தறிய ஊர்ப் பதிவேடுகளின் துணை தேவைப்படுகின்றது. ரெட்மண்ட்ஸ், கிங், வரலாற்றாளர் டேவிட் ஹே ஆகிய மூவரும் 2011 இல் இணைந்து எழுதிய நூல் இத்தகைய கூட்டு முயற்சியின் விளைவாகும்.

தந்தைவழி முறிவுக்கு மிகவும் அறியப்பட்ட எடுத்துக்காட்டு அரச குடும்பத்திலிருந்தே கிடைத்துள்ளது. 2012 இல் லெஸ்டரில் அகழ்ந்தெடுக்கப்பட்ட எலும்புக்கூடு மன்னர் மூன்றாம் ரிச்சர்டுடையது என்பது தாய்வழி மரபுப் பொருளால் உறுதியானது. ஆனால், ஆவணங்களின்படி அவரது தந்தைவழி உறவினரான, இன்று வாழும் ஐவரின் ஒய் நிறப்புரி அவருடையதுடன் பொருந்தவில்லை. அந்த ஐவருள்ளும் ஒருவர் மற்ற நால்வருடன் பொருந்தவில்லை என 2014 இல் வெளியான முடிவுகள் காட்டின.

பெயர் சொல்லாதவை

சைக்ஸ் என்ற சொல்லுக்கு நோர்சுத் தொடர்பு இருப்பதால் அப்பெயருடையோர் வைக்கிங்குகளின் வழித்தோன்றல்கள் எனக் கூறுவது தவறாகும். பெயர் நிலைபெற்ற காலத்தில் இச்சொல் வட்டார மக்கள் அனைவரும் பேசிய பொதுச் சொல். ஓடையருகில் வாழ்ந்தவனின் முன்னோர் எங்கிருந்து வந்தனர் என்பதை ஓடையின் பெயர் அறியாது.

20 தலைமுறைகளுக்குப் பின்னோக்கிச் சென்றால் ஒருவரின் மூதாதையர் மரத்தில் 10,48,576 இடங்கள் உள்ளன. குடும்பப் பெயரும் ஒய் நிறப்புரியும் அவற்றுள் ஒரே ஓர் இடத்தைப் பற்றியே பேசுகின்றன. யார்க்ஷயரைச் சேர்ந்த வேறோர் அரிய பெயருடைய ஆண்கள் சிலரிடம், மேற்கு ஆப்பிரிக்காவில் காணப்படும் மிக அரிய ஒய் நிறப்புரி வகை இருப்பதை டூரி கிங் குழுவினர் 2007 இல் அறிவித்தனர். அப்பெயருடைய 18 பேரில் எழுவரிடம் அது இருந்தது. பல தலைமுறைகளுக்கு முன் இங்கிலாந்தில் வாழ்ந்த ஓர் ஆப்பிரிக்க மூதாதையை அது சுட்டுகின்றது. ஆயினும் அவர்களின் ஏனைய முன்னோருள் மிகப் பெரும்பாலோர் இங்கிலாந்தினரே. தோற்றத்திலோ குடும்ப நினைவிலோ அதற்கான தடயம் எதுவும் இல்லை.

பயன்பாடுகளும் அச்சங்களும்

குற்றம் நடந்த இடத்தில் கிடைத்த மாதிரியிலிருந்து குற்றவாளியின் குடும்பப் பெயரை ஊகிக்க முடியுமா என்ற கேள்வி விரைவிலேயே எழுந்தது. 2006 இல் கிங் குழுவினர், ஒரே பெயரைக் கொண்ட, ஆனால் உறவறியாத 150 இணை ஆண்களைச் சோதித்ததில் 24 விழுக்காட்டு இணைகளிடையே அண்மைக்காலப் பொது மூதாதை இருப்பதைக் கண்டனர். அரிய பெயர்களில் இது ஏறத்தாழ பாதியாக உயர்ந்தது. புலனாய்வுக்கு இது ஒரு துப்பாகலாம், சான்றாகாது. 2013 இல் அமெரிக்காவில் நடந்த மற்றோர் ஆய்வு, பெயர் மறைத்து வெளியிடப்பட்ட மரபணுத் தரவுகளையும் பொதுவில் கிடைக்கும் வம்சாவளித் தரவுத்தளங்களையும் ஒப்பிட்டு, தரவு வழங்கியோர் சிலரின் குடும்பப் பெயரைக் கண்டறிந்தது. மருத்துவ ஆய்வுக்கு மாதிரி வழங்குவோரின் அந்தரங்கம் பற்றிய விவாதத்தை இது கூர்மையாக்கியது.

இப்பெயருடைய சிலர்

1916 இல் பிரெஞ்சுத் தூதர் பிகோவுடன் சேர்ந்து, உதுமானியப் பேரரசின் அரபுப் பகுதிகளைப் பங்கிடும் உடன்பாட்டை வகுத்த மார்க் சைக்ஸ் (1879–1919) கிழக்கு யார்க்ஷயரின் நிலவுடைமைக் குடும்பத்தைச் சேர்ந்தவர். நகைச்சுவை நடிகர் எரிக் சைக்ஸ் (1923–2012) லங்காஷயரின் ஓல்டம் நகரில் பிறந்தவர். பிரெடரிக் சைக்ஸ் 1928 முதல் 1933 வரை பம்பாய் மாகாண ஆளுநராக இருந்தார். அவருக்கு ஒரு நூற்றாண்டுக்கு முன் தக்காணத்தில் பணியாற்றிய படை அதிகாரி வில்லியம் ஹென்றி சைக்ஸ் (1790–1872) அப்பகுதியின் பறவைகளை முறையாகப் பட்டியலிட்டவர். தீபகற்ப இந்தியாவின் வறண்ட வெளிகளில் வாழும் கொண்டையுள்ள வானம்பாடி இனம் ஒன்று ஆங்கிலத்தில் அவர் பெயரால் வழங்குகின்றது.